ஆர்மில திருட்ட சொன்னதுக்கு ரெட் இங்க் போட்டு ரெக்கார்ட கெடுத்துட்டாங்க, ரிட்டயர் ஆனப்பறம் திருத்த முடியுங்களா?

பென்னாகரத்து வீட்டம்மா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். எங்க வீட்டுக்காரரு ஆர்மில 24 வருஷம் முடிச்சு 2024 ஜனவரில ஹவில்தாராவே வெளிய வந்துட்டாரு, நாயிப் சுபேதார், அதான் அடுத்த ரேங்க், ஆயிருக்க வேண்டிய ஆளு, அவரு கூட சேந்தவங்க நெறைய பேரு ஆயிட்டாங்க. இவருக்கு ஏன் ஆகலைன்னா அதுக்கு ஒரு கதை இருக்குதுங்க, கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு வழி சொல்லுங்க.

2021-ல வடக்க ஒரு யூனிட்ல ரேஷன் வாங்கற டூட்டி போட்டாங்க. யூனிட் பேரு நான் சொல்லல. கோழிக்கறி வரும்போது சீட்டுல 150 கிலோன்னு இருக்குமாம், தராசுல வச்சா 141, 142 தான் நிக்குமாம். பால் பவுடர், பருப்பு எல்லாத்துலயும் இதே கதை. மொதல்ல வாய்ல சொல்லிப் பாத்திருக்காரு, "எப்பவும் இப்பிடித்தான், கையெழுத்து போடு"ன்னு சொல்லிட்டாங்க. இவரு போடமாட்டேன்னு நின்னுட்டாரு. ஆகஸ்ட்ல மேல இருக்கற ஹெட்குவார்ட்டர்ஸுக்கு எழுத்துல புகார் குடுத்துட்டாரு.

அதுக்கப்பறம் நடந்தது பூரா பழிவாங்கல்தாங்க. 21 வருஷத்துல ஒரு சின்ன தண்டனை கூட வாங்காத மனுஷனுக்கு நவம்பர்ல ஒரு சிவியர் ரெப்ரிமாண்ட், அதான் கடுமையா கண்டிக்கற தண்டனை, 2022 மார்ச்ல இன்னொன்னு. ரெண்டும் ரெட் இங்க் என்ட்ரி, அதான் ரெக்கார்ட்ல சிவப்பு மைல ஏத்தற பெரிய தண்டனை. ஒன்னு ரோல்கால்க்கு லேட்டா வந்தாருன்னு, இன்னொன்னு மேலதிகாரிகிட்ட மரியாதை இல்லாம பேசினாருன்னு. நடுவுல ஜனவரில திடீர்னு போஸ்டிங். அந்த வருஷத்து சிஆர்லயும், அதான் ஆபீசர் வருஷா வருஷம் இவரப் பத்தி எழுதற ரிப்போர்ட்லயும், மார்க்க கொறச்சிட்டாங்க. ப்ரமோஷன் போச்சு, ரெண்டு வருஷ எக்ஸ்டென்ஷனும் குடுக்கல.

2023 ஏப்ரல்ல ஸ்டாச்சுட்டரி கம்ப்ளைன்ட், அதான் ஆர்மி சட்டப்படி மேல குடுக்கற புகார், ரிஜிஸ்டர் தபால்ல போட்டாரு, ரசீது இருக்குது, இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

இப்ப ஏன் எழுதறேன்னா, போன மாசம் ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு கூப்பிட்டிருந்தாங்க. டிஸ்சார்ஜ் புக்க, அதான் வெளிய வரும்போது ஆர்மி குடுக்கற சர்வீஸ் புக்க, வாங்கி பக்கம் பக்கமா திருப்பின ஆளு கேரக்டர் போட்ட எடத்துல வெரல வச்சுட்டு "குட்னு தான போட்டிருக்கு, எக்ஸம்ப்ளரி இல்லையா, என்ன பிரச்சனை?"ன்னு கேட்டிருக்காரு. இவரு ஒன்னும் பேசாம புக்க வாங்கிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து அத ஒரு ப்ளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோவோட அடித்தட்டுல வச்சாரு, அப்பறம் எந்த இன்டர்வியூவுக்கும் போகல. காசு கூட அப்பறம்தாங்க, அந்த எழுத்து மாறணும். என் தம்பி கூகுள்ல பாத்துட்டு "டிடி ஃபார்ம் 149னு ஒன்னு இருக்குக்கா, ரெக்கார்டு திருத்த அத போடணும்"ங்கறான், அது எங்க கெடைக்கும்? யாராச்சும் இந்த மாதிரி பண்ணிருக்கீங்களா?

ஊத்தங்கரை கிளார்க் சாப்:

தங்கச்சி, நான் கிளார்க்கா இருந்து சுபேதாரா 28 வருஷத்துல வந்தவன், இந்த மாதிரி ஃபைல் நெறைய என் கை வழியா போயிருக்கு, அதனால சொல்றேன், மொதல்ல அழுது எழுதற மனுவ எல்லாம் நிறுத்திட்டு பேப்பர கையில வாங்குங்க. கையில பேப்பர் இல்லாம எந்த கோர்ட்டுக்கு போனாலும் அவங்க சொல்றதுதான் நிக்கும்.

ஆர்டிஐ போடுங்க. ஆர்மிக்கு ஆர்டிஐ உண்டு, பிஎஸ்எஃப் சிஆர்பிஎஃப் மாதிரி வெளிய வச்ச லிஸ்ட்ல ஆர்மி இல்ல. பத்து ரூபா போஸ்டல் ஆர்டர், இல்லனா ஆன்லைன்லயே போடலாம், வீட்டுக்காரர் பேர்ல அவர் ஆர்மி நம்பரோட போடணும், நீங்க உங்க பேர்ல போட்டா மூணாவது ஆளுன்னு சொல்லி தட்டி விட்டுருவாங்க. கேக்க வேண்டியது என்னன்னா அவரோட ஷீட் ரோல், அதான் சர்வீஸ் விவரம் இருக்கற தாளு, அதோட காப்பி, ரெண்டு தண்டனைக்கும் உண்டான ஐஏஎஃப்டி 901, அதான் சார்ஜ் எழுதற தாளு, ஆர்மி ரூல் 22 படி விசாரணை நடந்த பேப்பர், தண்டனைய பப்ளிஷ் பண்ண பார்ட் 2 ஆர்டர், சிஆர்ல யார் இனிஷியேட்டிங் ஆபீசர், அதான் மொதல்ல எழுதினவரு, அவருக்கு கீழ இவரு எந்த தேதிலருந்து எந்த தேதி வரைக்கும் இருந்தாருன்னு. ஷீட் ரோல் ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும், 901-ம் விசாரணை பேப்பரும் யூனிட்லதான் இருக்கும். இங்கதான் அவசரம் இருக்கு. யூனிட்ல பழைய பேப்பர வருஷா வருஷம் போர்டு வச்சு கொளுத்துவாங்க, இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டா "டெஸ்ட்ராய்ட்"னு ஒரு வரில பதில் வரும். 30 நாள்ல பதில் வரலைன்னா ஃபர்ஸ்ட் அப்பீல் போடுங்க, விடாதீங்க.

ஏன் ரூல் 22-ன்னு சொல்றேன்னா, சிஓ, அதான் யூனிட்டோட தலைமை ஆபீசர், ஒரு ஜவான சம்மரியா, அதான் சுருக்கமா, விசாரிக்கும்போது எதிரா சாட்சி சொல்றவன அந்த ஜவான் குறுக்கு கேள்வி கேக்கலாம், தன் பக்கம் சாட்சிய கூப்பிடலாம், அது ரூல்ல இருக்கு. நெஜத்துல என்ன நடக்கும்னா தொப்பிய பெல்ட்ட கழட்டி வச்சுட்டு உள்ள மார்ச் பண்ணி கூட்டிட்டு போவாங்க, சார்ஜ படிப்பாங்க, ரெண்டு நிமிஷத்துல "சிவியர் ரெப்ரிமாண்ட், மார்ச் அவுட்". சாட்சியும் இருக்காது ஒன்னும் இருக்காது. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒக்காந்து கேளுங்க, அன்னிக்கு உள்ள யார் யார் இருந்தாங்க, யாராச்சும் சாட்சி சொன்னாங்களா, "கேள்வி கேக்கறியா"ன்னு இவர கேட்டாங்களா, எதுல கையெழுத்து வாங்கினாங்க. ஒன்னொன்னா எழுதி வைங்க. பழிவாங்கிட்டாங்கன்னு நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம், ரூல மீறிட்டாங்கன்னு நிரூபிக்கறது அத விட சுலபம்.

சிஆர்லயும் அதே மாதிரி. எழுதின ஆபீசருக்கு கீழ கொறஞ்சது 90 நாள் வேலை பாத்திருக்கணும், இல்லனா அந்த சிஆர் டெக்னிக்கலா செல்லாது. ஜனவரில போஸ்டிங் போயிட்டாருங்கறீங்க, அப்ப யாரு எப்ப எழுதினாங்கன்னு தேதிய எண்ணிப் பாருங்க. முன்னாடி நாலஞ்சு வருஷமா அபவ் ஆவரேஜ் வாங்கின ஆளு ஒரே வருஷத்துல கீழ விழுந்து அடுத்த யூனிட் போனதும் மறுபடி மேல ஏறியிருந்தா அந்த ஒரு சிஆர் மட்டும் ஒட்டாம நிக்கும். "இன்கன்சிஸ்டன்ட்"னு சொல்லி ட்ரிப்யூனல் தூக்கறதுக்கு அதுவே ஒரு காரணம்.

கிருஷ்ணகிரி வக்கீல்:

அம்மா, ஊத்தங்கரை ஐயா சொன்னது அத்தனையும் சரி, சட்டம் பக்கம் நான் சொல்றேன். நீங்க போக வேண்டிய எடம் ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல், 2007 சட்டம், 2009-லருந்து நடக்குது. உங்களுக்கு ஒரு நல்லது என்னன்னா சர்வீஸ்ல இருக்கறவங்க போஸ்டிங் எங்கயோ அந்த பெஞ்சுக்கு போகணும், ரிட்டயர் ஆனவங்க தான் குடியிருக்கற எடத்துக்கு உண்டான பெஞ்ச்ல போடலாம், அதனால நீங்க சென்னை பெஞ்ச்ல போட்டா போதும், வடக்க அலைய வேண்டாம்.

இப்ப நேரம். இதுதான் எனக்கு கவலையா இருக்குது. ஆர்மி ஆக்ட் 26-வது செக்ஷன்ல மேல கம்ப்ளைன்ட் குடுத்துட்டு 6 மாசம் காத்திருக்கணும், பதில் வரலைன்னா அதுக்கு அடுத்த 6 மாசத்துக்குள்ள ட்ரிப்யூனல் போகணும். நீங்க 2023 ஏப்ரல்ல குடுத்தீங்க, அப்ப 2024 ஏப்ரலோட கெடு முடிஞ்சு போச்சு. பயப்பட வேண்டாம், தக்க காரணம் காட்டினா தாமதத்த மன்னிக்க ட்ரிப்யூனலுக்கு அதிகாரம் இருக்கு, ஆனா தனி மனு போடணும், தினம் தினம் என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு சொல்லணும். கம்ப்ளைன்ட்டுக்கு பதில் கேட்டு நினைவூட்டல் ஏதும் போட்டீங்களா? போட்டிருந்தா அந்த ரசீதெல்லாம் தங்கம். போடலைன்னா இன்னிக்கே ஒன்னு போடுங்க, ஆனா அதோட பதிலுக்காக மறுபடி உக்காந்துறாதீங்க, கேஸ தயார் பண்ணிக்கிட்டே இருங்க.

அடுத்தது போஸ்டிங். பழிவாங்கலுக்கு பெரிய அத்தாட்சியே அந்த டிரான்ஸ்பர்தான்னு உங்களுக்கு தோணும். ஆனா டிரான்ஸ்பர், போஸ்டிங், லீவு இதெல்லாம் ட்ரிப்யூனல் சட்டத்துல "சர்வீஸ் மேட்டர்"க்கு வெளிய வச்சுட்டாங்க. அதனால அத ரத்து பண்ணுன்னு கேக்காதீங்க. ஆனா நடந்தத சொல்ற எடத்துல, புகார் குடுத்த தேதி, தண்டனை தேதி, போஸ்டிங் தேதி, சிஆர் தேதி, நாலையும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ஜட்ஜ் படிக்கும்போதே புரிஞ்சிரும். கேக்க வேண்டியது ரெண்டு ரெட் இங்க்கும் அந்த சிஆரும் ரத்தாகணும், அந்த கறை இல்லாம ப்ரமோஷனயும் எக்ஸ்டென்ஷனயும் மறுபடி பரிசீலிக்கணும், டிஸ்சார்ஜ் புக்ல கேரக்டர திருத்தணும்னு. ரெட் இங்க்க மட்டும் தனியா புடிச்சு அடிக்காம அதனால என்ன இழந்தாரோ அதோட சேத்து கட்டணும்.

இன்னொன்னு. "கெட்ட எண்ணத்தோட பண்ணாங்க"ன்னு எழுதறதா இருந்தா அந்த ஆபீசர பேர் சொல்லி எதிர் மனுதாரரா சேக்கணும். சேக்காம பொத்தாம் பொதுவா குற்றம் சொன்னா அந்த வாதத்த கோர்ட் காதுல வாங்காது. சேத்துட்டா சாட்சி வேணும். இத முடிவு பண்றதுக்கு முன்னாடி ஆர்டிஐ பேப்பர் வரட்டும்.

பணம் பத்தியும் ஒரு வார்த்தை. ஜெயிச்சா பென்ஷன் திருத்தம் வரும், ஆனா லேட்டா போனா அரியர் பொதுவா மனு போட்டதுக்கு முன்னாடி 3 வருஷத்தோட நிறுத்திருவாங்க, 2008-ல தார்சேம் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. தள்ளிப் போடப் போட உங்க காசுதான் கரையும்.

பாலக்கோடு முன்னாள் ஜவான்:

அக்கா உங்க கதைய படிச்சதும் கை நடுங்கிருச்சு. எனக்கு நாலு ரெட் இங்க். நாலு ஆனதும் "அன்டிசைரபிள்"னு சொல்லி 14 வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பென்ஷனுக்கு 15 வருஷம் வேணும், ஒரு வருஷம் கம்மி. நாலுல ஒன்னு நான் பண்ண தப்புதான், லீவு முடிஞ்சு லேட்டா போனேன், ஒத்துக்கறேன். மத்த மூணும் கேன்டீன் கணக்க கேட்டதுக்கப்பறம் வந்தது.

அப்ப எங்கூர்ல எல்லாரும் "ஆர்மிக்காரன எதுத்து ஜெயிக்க முடியுமா, விடுறா"ன்னாங்க. ஒருத்தர் மட்டும் 2015-ல சுப்ரீம் கோர்ட் குடுத்த வீரேந்திர குமார் துபே தீர்ப்ப பிரின்ட் எடுத்து குடுத்தாரு. நாலு ரெட் இங்க் ஆயிட்டாலே கண்ண மூடிட்டு அனுப்ப கூடாது, விசாரணை பண்ணணும், எத்தன வருஷம் கஷ்டமான எடத்துல வேலை பாத்தான், பென்ஷனுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கான்னு பாக்கணும்னு அதுல இருக்குது. அவருக்கு பென்ஷன் வர்ற வரைக்கும் சர்வீஸ்ல இருந்த மாதிரி கணக்கு வைக்க சொன்னாங்க, சம்பள பாக்கி மட்டும் கெடையாதுன்னாங்க. எனக்கும் கடைசில அதே மாதிரிதான் கெடச்சுது. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாய்தாவுக்கு மொரப்பூர்ல ராத்திரி ரயில் ஏறி காலைல சென்ட்ரல்ல எறங்கி, அங்கயே மூஞ்ச கழுவிட்டு போவேன், எத்தனையோ தடவை "அட்ஜர்ன்"னு ஒரே வார்த்தைல திரும்பி வந்திருக்கேன்.

ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் மொதல் மனுல "அந்த யூனிட்டே திருட்டு கூட்டம்"னு எழுதியிருந்தேன். வக்கீல் அத அடிச்சுட்டு "உன்கிட்ட என்ன இருக்கோ அத மட்டும் எழுது"ன்னாரு. அப்ப கோவம் வந்துது. அப்பறம் புரிஞ்சுது, தெரிஞ்சே பொய் குற்றச்சாட்டு சொன்னா ஆர்மி ஆக்ட்லயே தனி செக்ஷன் இருக்கு, நம்ம எழுதற ஒரு வார்த்தை கூடிப் போனாலும் அத புடிச்சுட்டு நம்மளயே பொய்யன் ஆக்கிருவாங்க. உங்க வீட்டுக்காரர் எடை போட்டாருல்ல, அந்த கிலோ கணக்கு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காரா? அது இருந்தா மத்தது எல்லாம் ரெண்டாவது.

அப்பறம் கோவத்துல வீடியோ கீடியோ போட்டுறாதீங்க அக்கா. 2017 ஜனவரில பிஎஸ்எஃப்ல தேஜ் பகதூர் யாதவ்னு ஒருத்தர் கருகின ரொட்டியயும் தண்ணி பருப்பயும் வீடியோ எடுத்து போட்டாரே, நாடே பாத்துச்சு, ஏப்ரல்ல வேலைய விட்டே எடுத்துட்டாங்க. அவர் சொன்னதுல உண்மை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். வழி மாறிப் போனதும் பேச்சு சாப்பாட்ட விட்டு வீடியோ மேல போயிருச்சு.

ஓசூர்காரன்:

அந்த டிடி ஃபார்ம் 149 பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். எங்க சித்தப்பா பையன் அமெரிக்கால அங்கத்த ஆர்மில இருக்கான், அவனால தெரியும். அது அமெரிக்காவோட ஃபார்ம், நம்மூருக்கு செல்லாது, உங்க தம்பிகிட்ட சொல்லிருங்க. அங்க ராணுவ ரெக்கார்ட திருத்தறதுக்குன்னே தனி போர்டு இருக்குது, தப்ப கண்டுபுடிச்ச 3 வருஷத்துக்குள்ள அந்த ஃபார்ம்ல மனு போடணும், நியாயம்னு தோணினா கெடுவயும் தள்ளி வச்சிருவாங்க. 1988-லயே முறைகேட்ட சொல்ற சோல்ஜர பழிவாங்க கூடாதுன்னு தனி சட்டம் போட்டுட்டாங்க, பழிவாங்கினா ஒரு வருஷத்துக்குள்ள இன்ஸ்பெக்டர் ஜெனரல்கிட்ட புகார், அந்த விசாரணை ரிப்போர்ட்ட வச்சு போர்டு ரெக்கார்ட திருத்தலாம்.

நம்ம நாட்டுல அந்த மாதிரி போர்டு கெடையாது, கம்ப்ளைன்ட் அதே அதிகார வரிசைலதான் மேல போகும், அதுக்கு அப்பறம் ட்ரிப்யூனல். முறைகேட்ட வெளிய சொல்றவங்களுக்கு பாதுகாப்புன்னு 2014-ல சட்டம் பாஸ் பண்ணாங்க, அத இன்னும் அமலுக்கே கொண்டு வரல. பத்து வருஷம் தாண்டியாச்சு. எனக்கு இத நெனச்சா வயிறு எரியுது. தராசுல நின்ன எடைய சொன்ன மனுஷனுக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல, அவரே பேப்பர் தேடி அவரே கோர்ட்டுக்கு அலையணும்.

பென்னாகரத்து வீட்டம்மா:

அண்ணனுங்களா எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி அவர ஒக்கார வச்சு படிச்சு காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பறம் எந்திரிச்சு போயி பரண் மேல இருந்த கருப்பு டிரங்கு பொட்டிய எறக்கினாரு, நான் அத தொறந்தே பாத்ததில்லைங்க. பழைய யூனிஃபார்முக்கு அடில ஒரு பாக்கெட் டைரி. ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, வண்டி நம்பர் போட்டு, சீட்டுல எவ்ளோ தராசுல எவ்ளோன்னு ரெண்டு வரிசையா எழுதியிருக்காரு. ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் 61 நாள். சில பக்கத்துல மழத் தண்ணி பட்டு மை கலங்கியிருக்குது, ஆனா படிக்க முடியுது. ஏங்க இத்தன நாள் சொல்லலன்னு கேட்டேன், "யாரு கேட்டாங்க"ன்னாரு.

ஊத்தங்கரை அண்ணன் கேட்ட மாதிரி அந்த ரெண்டு நாளயும் பத்தி கேட்டு எழுதிக்கிட்டேன். மொத தடவை உள்ள சிஓ, சுபேதார் மேஜர் சாப், கூட்டிட்டு போன ஆளு, அவ்ளோதான், சாட்சி யாருமே வரலையாம். ரோல்கால்க்கு லேட்டுன்னாங்களே, அன்னிக்கு காலைல இவரு ரேஷன் வண்டியோட வெளிய இருந்திருக்காரு, அன்னிக்கு வண்டி வெளிய போனது கேட் ரிஜிஸ்டர்ல இருக்கணும்ங்கறாரு. ரெண்டாவது தடவை "கேள்வி கேக்க விருப்பமில்லை"ன்னு டைப் பண்ண தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்களாம், இங்கிலீஷ்ல இருந்துச்சு, படிக்க நேரம் குடுக்கலங்கறாரு. இது பாதகமா போயிருமா வக்கீல் சார்? அப்பறம் நினைவூட்டல் ரெண்டு போட்டிருக்காரு, ஒன்னுக்கு ரசீது இருக்குது, இன்னொன்னு காணல.

ஊத்தங்கரை கிளார்க் சாப்:

தங்கச்சி, அந்த டைரிய மொதல்ல எல்லா பக்கமும் போட்டோ எடுத்து ரெண்டு எடத்துல வைங்க, ஒரிஜினல யார்கிட்டயும் குடுக்காதீங்க, வக்கீல்கிட்ட கூட ஜெராக்ஸ்தான். ஒரு எழுத்து கூட இப்ப சேக்க கூடாது, கலங்கின எடத்துல மேல எழுதி தெளிவு பண்றேன்னு ஆரம்பிச்சிராதீங்க, அப்பறம் மொத்த டைரியும் இப்ப எழுதினதுன்னு சொல்லிருவாங்க.

ஆர்டிஐல இன்னும் ரெண்டு சேத்துக்கங்க. அந்த ரோல்கால் நாளோட கேட் ரிஜிஸ்டர்ல ரேஷன் வண்டி அவுட் இன் டைம், அந்த வண்டியோட கார் டைரி. வண்டி வெளிய போனா கார் டைரில கிலோமீட்டர், நேரம், கூட போன என்சிஓ, அதான் ஹவில்தார் நாயக் மாதிரி ரேங்க்ல இருக்கறவர், பேரு எல்லாம் எழுதியே ஆகணும். சார்ஜ் சீட்ல போட்ட நேரத்துல இவரு கேட்டுக்கு வெளிய இருந்தாருன்னு யூனிட்டோட பேப்பரே சொல்லிருச்சுன்னா அந்த மொத ரெட் இங்க் நிக்காது.

கிருஷ்ணகிரி வக்கீல்:

அந்த கையெழுத்து கொஞ்சம் இடைஞ்சல்தான் அம்மா, மறைக்க வேண்டாம், நாமளே மனுல சொல்லிறணும், எந்த மொழில இருந்துச்சு, எவ்ளோ நேரம் குடுத்தாங்கன்னு. ரெண்டாவது ரெட் இங்க் நின்னாலும் மொதல்லதும் சிஆரும் போச்சுன்னா ப்ரமோஷன மறுபடி பாக்க சொல்லி கேக்க இடம் இருக்கு. பாலக்கோட்டுக்காரருக்கே எல்லாம் கெடைக்கல, பென்ஷன் கெடச்சுது, அத மனசுல வச்சுக்கங்க.

காணாம போன ரசீதுக்கு எந்த போஸ்ட் ஆபீஸ்ல போட்டாரோ அங்க கேட்டுப் பாருங்க. வக்கீல் வச்சுக்க வசதி இல்லைன்னா தர்மபுரி கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, இல்ல கலெக்டர் ஆபீஸ்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க, யாரு ட்ரிப்யூனல் கேஸ் பாக்கறாங்கன்னு அவங்களுக்கு தெரியும்.

பென்னாகரத்து வீட்டம்மா:

ஆர்டிஐ இன்னிக்கு போட்டாச்சுங்க, ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒன்னு யூனிட்டுக்கு ஒன்னு. அவரே எழுதினாரு. போஸ்ட் ஆபீஸ்ல ரசீத வாங்கிட்டு வந்து அந்த டிஸ்சார்ஜ் புக் கவருக்குள்ளயே வச்சிருக்காரு, பீரோல இப்ப மேல் தட்டுல இருக்குது. பதில் வந்ததும் இங்கயே எழுதறேன்.